அறிக்கைப் புத்தகம் வைத்திருந்த மாஸ்டர்

மாஸ்டரின் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும், நீ ஒரு கட்டுரை எழுதித் தா என்று கனடாவிலிருந்து வந்து நின்ற மூத்த மகன் கேட்டபோது யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். கல்வெட்டு என்றால் வெளியூர்க்காரர் கோயில் சுவரைத்தான் நினைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அது முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கையில் கொடுத்து அனுப்பும் சின்னப் புத்தகம். முன்னட்டையில் படம், உள்ளே வம்சாவளி, தேவாரம், திருவாசகம், கடைசியில் நன்றி நவிலல். நடுவில் எங்கேயாவது "அன்னார் பல பொது அமைப்புகளில் அங்கம் வகித்து அருஞ்சேவையாற்றினார்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். செத்த எல்லாருக்கும் அதே வரிதான். கூட்டத்துக்கே வராதவருக்கும் அதைத்தான் போடுவார்கள்.

எழுதக் குந்தியபோது அந்த வரியை என்ன செய்வது என்று தெரியவில்லை. மாஸ்டர் உண்மையில் என்ன செய்தார் என்று சொல்ல வேண்டுமென்றால், எங்கள் பக்கத்தில் ஊர் என்பது எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, கல்வெட்டில் அதற்கு இடமில்லை. இரண்டு பக்கம் அங்கே கொடுத்தேன். மிச்சம் இது.

வலிகாமத்தில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். அங்கே கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். 1979இலிருந்து சாகும்வரை சனசமூக நிலையத்தின் செயலாளர். நடுநடுவே கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் மரணாதாரச் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். ஒருதரம்கூடத் தலைவராக இருந்ததில்லை. ஏன் என்று கேட்டால், "தலைவருக்கு மாலை போடுவினம் தம்பி, எனக்குக் கழுத்து நோ" என்பார். பகிடிதான். ஆனால் எங்கள் ஊர்ச் சங்கங்களின் அமைப்பு தெரிந்தவருக்கு அது வெறும் பகிடி இல்லை என்பதும் தெரியும். போஷகர் என்று ஒரு பெரிய மனிதர் இருப்பார், வருடத்துக்கு ஒருதரம் வருவார். தலைவர் கூட்டத்தில் நடுவில் இருப்பார், விழாவில் குத்துவிளக்கு ஏற்றுவார். பொருளாளர் காசுப் புத்தகம் வைத்திருப்பார். கடிதம் எழுதுவது, கூட்டத்துக்கு அறிவித்தல் கொடுப்பது, யார் என்ன சொன்னார்கள் என்று குறித்து அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுவது, கந்தோருக்குச் சைக்கிளில் போய் நிற்பது, பூட்டித் திறப்பது எல்லாம் செயலாளர் தலையில்தான். சங்கம் செத்தால் அவரைத்தான் திட்டுவார்கள், உயிரோடிருந்தால் தலைவரைப் பாராட்டுவார்கள்.

சனசமூக நிலையம் என்பது வெளியில் பார்த்தால் ஒரு சின்ன மண்டபம். முன் விறாந்தையில் வாங்கு, மேசையில் அன்றைய பேப்பர் இரண்டு மூன்று, பின்னறையில் கலியாண வீட்டுக்கும் செத்தவீட்டுக்கும் வாடகைக்குக் கொடுக்கும் கதிரை, சருவம், தறப்பாள். பல இடங்களில் காலையில் முன்பள்ளியும் அதே மண்டபத்தில்தான். பழைய ஆட்கள் இன்னும் வாசிகசாலை என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் அது அப்படித்தான் தொடங்கியது. பிரதேச சபையிலோ நகரசபையிலோ அதைப் பதிவு செய்ய வேண்டும், பேப்பர் வாங்கச் சபை ஒரு சின்னத் தொகை தரும், அந்தத் தொகைக்காக வரவுப் பதிவும் கணக்கும் காட்ட வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கம் வேறு. அது பிரதேச செயலகத்தோடு சேர்ந்தது, சின்ன மதகு, ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போடுவது போன்ற வேலைகளை அரசாங்கம் நேரே அதற்குக் கொடுக்கலாம். ஒன்று உள்ளூராட்சிக் குடும்பம், மற்றது கச்சேரிக் குடும்பம். இரண்டுக்கும் பெரும்பாலும் அதே ஆட்கள், அதே மண்டபம், வேறு வேறு அறிக்கைப் புத்தகம். மாஸ்டர் ஒன்றுக்குச் சிவப்பு மட்டை, மற்றதற்குப் பச்சை மட்டை போட்டிருந்தார்.

இந்த இடத்தில்தான் அவருடைய வரைபடத்தைச் சொல்ல வேண்டும். காலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டிச் செய்த பெரிய தாள். எங்கள் ஊரின் வீதி, ஒழுங்கை, வாய்க்கால், குளம் எல்லாம் அதில் நாலு நிறத்தில் இருக்கும். ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, சிவப்பு. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், நீலம். மிச்ச ஒழுங்கைகள் பிரதேச சபை, பச்சை. வயலுக்குப் போகும் வாய்க்காலும் குளமும் கமநலத் திணைக்களம், மண்ணிறம். ஊரில் எந்தக் குழிக்கு எந்தக் கந்தோர் பொறுப்பு என்பதுதான் அந்தப் படம். கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் மாரிக்கு வெள்ளம் நிற்கிறது என்று சபைக்குப் போனால் அது எங்கள் வீதி இல்லை என்பார்கள், அங்கே போனால் வாய்க்கால் எங்களுடையதில்லை என்பார்கள். இப்படி இரண்டு மூன்று கந்தோர் அலைந்தவன் பிறகு வீட்டில் இருந்து அரசாங்கத்தைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்வான். மாஸ்டர் முதல் நாளே சரியான கந்தோருக்குச் சரியான கடிதத்தோடு போவார், மற்ற மூன்று கந்தோருக்கும் பிரதி போகும், கடிதத்தின் அடியில் யார் யாருக்குப் பிரதி என்று எழுதியிருப்பார். மற்றவனுக்கும் பிரதி போயிருக்கிறது என்று தெரிந்தால் உத்தியோகத்தர் கடிதத்தை லாச்சிக்குள் போடமாட்டார் என்பது அவர் கணக்கு. பெரும்பாலும் சரிவந்தது.

இந்த மாதிரி ஆட்கள் யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. பொது நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1981இல் எரிந்ததும் ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் போனதும் உலகத்துக்கே தெரியும். தொடங்கியது யார் என்று எங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். க. மு. செல்லப்பா. நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் இருந்த புத்தகங்களை அயலவர்களுக்கு வாசிக்கக் கொடுத்து ஆரம்பித்து, 1933 டிசம்பரில் எல்லாருக்கும் இலவசமாக ஒரு தமிழ் நூலகம் வேண்டும் என்று ஒரு விண்ணப்பத்தை அச்சடித்து விட்டார். அடுத்த வருடம் ஜூன் மாதம் யாழ் மத்திய கல்லூரியில் கூட்டம், ஒரு குழு, அதன் செயலாளர்களில் அவரும் ஒருவர். 1934 ஆகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஒரு அறையில் 844 புத்தகங்களோடும் ஏறத்தாழ 30 பத்திரிகை, சஞ்சிகைகளோடும் திறந்தார்கள். 1935 சனவரியில் நகர நிர்வாகத்திடம் கையளித்தார்கள். பிறகு வந்த பெரிய கட்டடம், மேயர்மார், 1959 திறப்பு விழா எல்லாம் வரலாறு. முதல் பதின்மூன்று மாதத்தை மட்டும் பாருங்கள், அது முழுக்க ஒரு செயலாளரின் வேலை. அறிவித்தல் எழுதினார், கூட்டம் கூட்டினார், காசு சேர்த்தார், கணக்கு வைத்தார், கடைசியில் தன் கையை விட்டுக் கொடுத்தார். கையளித்ததுதான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது. எங்கள் ஊர்ச் சங்கங்களில் அந்தக் கட்டம் அபூர்வம், மாஸ்டரிடமும் அது இருக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு மனிதர் இதைச் சும்மா செய்தார் என்றால் அதற்கு அவருடைய நல்ல மனம் மட்டும் காரணமில்லை. செய்ய வேறு யாரும் இருக்கவில்லை. 1983க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது 1998இல். பதினைந்து வருடம் வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் என்ற பேச்சே இல்லை. 1998இலும், மாநகர சபைக்கு மேயராக வந்த சரோஜினி யோகேஸ்வரனும் அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலனும் அதே வருடத்துக்குள் கொல்லப்பட்டார்கள். அப்புறம் மாநகர சபைக்கு 2009, மற்றச் சபைகளுக்கு 2011, பிறகு 2018. 2023இல் காலம் முடிந்த சபைகளுக்குத் தேர்தல் தள்ளிப் போய்ப் போய் 2025 மே மாதம்தான் நடந்தது. மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகரசபை, பதின்மூன்று பிரதேச சபை என்று பதினேழு சபை இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, வரி அறவிடுகிறார்கள், ஆனால் ஒரு தலைமுறை முழுக்க மக்கள் தெரிந்தெடுத்த ஆள் உள்ளே இருந்ததைவிட இல்லாமல் இருந்த காலம்தான் கூட. அந்த நேரத்தில் லயிற் எரியவில்லை, நாய் செத்துக் கிடக்கிறது, கிணற்றுக்குள் வெள்ளம் போய்விட்டது என்றால் யாரிடம் சொல்வது? மாஸ்டரிடம்தான். அவருக்கு அதிகாரம் ஒன்றும் இல்லை. கடிதத் தலைப்பும் றப்பர் முத்திரையும் இருந்தன.

1995 ஒக்டோபர் 30 இரவு. இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் செம்மணிப் பக்கமும் நாவற்குழிப் பாலமும் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவைப் பற்றி நிறைய எழுதியாயிற்று, நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. மாஸ்டர் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போன தகரப் பெட்டியை மட்டும் சொல்கிறேன். யாப்பு, அங்கத்தவர் பதிவேடு, இரண்டு அறிக்கைப் புத்தகம், வங்கிப் புத்தகம். மாஸ்டரின் மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், இதைச் சாகும்வரைக்கும் சொல்லிக்காட்டினார். "என்ரை தையல் மெசினை விட்டிட்டுச் சங்கத்துப் பேப்பரைக் கட்டினவர் இந்த மனுசன்." மாமியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அந்த மெசின் திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் நாற்பது குடும்பம் இருந்தபோது, எங்கள் ஊர் ஆட்கள் யார், எந்த வீட்டில் எத்தனை பேர், கைக்குழந்தை எத்தனை என்று நிவாரணத்துக்குப் பட்டியல் கேட்டவர்களுக்கு இவர் பெட்டியைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். மற்ற ஊர்க்காரர் நாள் முழுக்க ஆள் எண்ணினார்கள். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பிய பிறகும், அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தொலைத்த பலருக்கு, இன்னார் இந்த ஊர்தான் என்று விதானையார், அதாவது கிராம அலுவலர், உறுதிப்படுத்துவதற்கு அந்தப் பதிவேடு துணையாக இருந்தது. ஊர் கலைந்து கிடந்த ஆறேழு மாதம், ஊர் என்று காட்டக்கூடியதாக இருந்தது அந்தப் பெட்டி மட்டும்தான் என்று சொன்னால் மிகைப்படுத்துகிறான் என்பீர்கள். கொஞ்சம் மிகைதான், விடுங்கள்.

வாக்காளர் இடாப்பு அவருடைய அடுத்த பைத்தியம். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாராளுமன்றத்தின் 225 பேரில் 29 பேர் தேசியப் பட்டியல், 196 பேர் மாவட்டங்களிலிருந்து. அந்த 196இல் மாகாணத்துக்கு நாலு என்று 36 ஆசனம் போக, மிச்சம் 160ஐயும் எந்த மாவட்டத்தில் எத்தனை வாக்காளர் பதிவாகியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு, கிளிநொச்சியும் இதற்குள்தான், 1989இல் 11 ஆசனம். 2010இல் 9. 2015இல் 7. 2024இல் 6. ஆட்கள் செத்தார்கள், வெளிநாடு போனார்கள், அது ஒரு பக்கம். இருக்கிறவர்களும் பதியாமல் விட்டார்கள் என்பது மற்றப் பக்கம். விதானையார் கொண்டுவரும் வாக்காளர் பதிவுக்கான பி.சி. படிவத்தை நிரப்பாமல் மேசையில் போட்டு வைத்திருக்கும் வீடுகளுக்கு மாஸ்டர் பின்னேரம் பின்னேரம் போவார். யாருக்கு வாக்களி என்று ஒருநாளும் சொன்னதில்லை. "நீ போடாட்டிப் பரவாயில்லை தம்பி, பேரை மட்டும் பதி. நீ ஒரு ஆள் எண்டு கணக்கிலை வா."

பகிஷ்கரிப்பு பற்றி அவரோடு நிறையச் சண்டை பிடித்திருக்கிறேன். 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முழுச் சுயராச்சியம் கேட்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது, யாழ்ப்பாணக் குடாநாட்டின் நாலு தொகுதிக்கும் வேட்புமனுவே இல்லை, 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. எனக்கு அதில் ஒரு பெருமை உண்டு. அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். அந்தக் காங்கிரஸை முன்னின்று நடத்திய ஹண்டி பேரின்பநாயகத்தை மனிதராகவும் ஆசிரியராகவும் கும்பிடுவார், ஆனால் கதிரையைக் காலியாக விட்டால் அதில் வேறு யாரோ வந்து இருப்பார்கள் என்பார். 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ் மாவட்டத்தில் நூற்றுக்கு ஒன்றே சொச்சம் பேர்தான் வாக்களித்தார்கள். அன்றைக்கு என்ன நிலைமை என்று அவருக்கும் தெரியும், அந்த நாளைப் பற்றி மட்டும் அவர் கதைப்பதில்லை. நானும் கிண்டவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்து 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. சின்னப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி. ஒரு கந்தோரின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன், ஒரு வடிகால் வேலைக்கு ஒதுக்கின காசு என்ன ஆனது என்று நாலு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம், வாயால் கேட்டால் சிரிப்பார்கள். மாஸ்டர் தகவல் உத்தியோகத்தருக்கு விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் சிட்டை வாங்கினார். பதினாலு வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அதிலும் சரிவராவிட்டால் ஆணைக்குழு. மேன்முறையீடு வரைக்கும் போனார், பதில் வந்தது, காசு வேறு வேலைக்குத் திருப்பப்பட்டிருந்தது. சட்டப்படி பிழையில்லை என்றும் தெரிந்தது. நாங்கள் ஊழல் என்று நினைத்துக் கொதித்துக்கொண்டிருந்தோம், அது வெறும் கவனயீனம். அவர் பதிலை அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டு அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். சபை அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் நாட்களில் எங்கள் ஊரிலிருந்து போய்ப் பார்ப்பது அவர் ஒருவர்தான்.

சரி, குறையும் சொல்ல வேண்டும், கல்வெட்டில் சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் இரண்டு சனசமூக நிலையம் இருக்கிறது, இரண்டுக்கும் இடையே நடந்து போகும் தூரம். ஏன் இரண்டு என்று யாரும் சொல்லமாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் பல ஊர்களில் இதே கதைதான், நிலையங்கள் குறிச்சிக்கு ஒன்றாக வந்ததற்குத் தூரம் மட்டும் காரணமில்லை, சாதியும் காரணம். பொது இடங்களில் விலக்கி வைப்பது குற்றம் என்று 1957லேயே சட்டம் வந்தது, ஆனாலும் 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக அதன் வாசலில் போராடத்தான் வேண்டியிருந்தது. மாஸ்டர் இரண்டு நிலையத்தையும் ஒன்றாக்கக் கூட்டம் வைத்தார் என்பது உண்மை. தன் நிர்வாகத்தில் நாலு பேர் எழும்பிப் போனபோது அதை அதற்கு மேல் தள்ளவில்லை என்பதும் உண்மை. வெள்ளம், டெங்கு, மயானம் மூன்றுக்கும் கூட்டுக் குழு போட்டார்கள், அது இன்னும் இருக்கிறது. பேப்பர் வாசிப்பது தனித்தனியாகத்தான். மற்ற நிலையத்தின் பழைய செயலாளர் செத்தவீட்டுக்கு வந்திருந்தார். "நல்ல மனுசன். இன்னும் ரெண்டு அடி வைச்சிருக்கலாம்" என்றார். மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பெண்கள் விஷயத்திலும் அப்படித்தான். பல வருடம் நிர்வாகக் கூட்டத்தில் பெண்கள் என்றால் தேத்தண்ணி கொண்டுவருபவர்கள். உள்ளூராட்சித் தேர்தலில் 25 வீதம் பெண்கள் என்ற ஏற்பாடு 2018இல் நடைமுறைக்கு வந்து, எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை சபை உறுப்பினராகவே வந்த பிறகுதான் நிர்வாகத்தில் இரண்டு பெண்களைப் போட்டார்கள். கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்குப் பிந்தித்தான் விளங்கியது.

பிறகு, விட்டுக்கொடுக்காமை. இளம் பொடியள் செயலாளராக வரத் தயாராக இருந்த காலமும் இருந்தது. "நீங்கள் செய்யுங்கோ, நான் பக்கத்திலை நிக்கிறன்" என்பார், நிற்கவும் செய்வார், எழுதின கடிதத்தைச் சிவப்புப் பேனையால் திருத்திக் கையில் கொடுப்பார். இரண்டு பேர் ஓடிவிட்டார்கள், அதில் ஒருவன் நான்.

கடைசிப் பத்துப் பதினைந்து வருடத்தில் அவருக்கு விளங்காமல் போனது வெளிநாட்டுக் காசு. லண்டனிலும் டொரண்டோவிலும் ஊர்ச் சங்கங்கள் வந்தன, காசு வந்தது, மண்டபத்துக்கு மாபிள் வந்தது, உபயகாரர் பெயர் பொறித்த கல் வந்தது. நல்லதுதான், கூரை ஒழுகாமல் இருக்கிறது. ஆனால் முன்பு ஒரு வேலிக்குக் கதியால் நடுவதற்கும் முப்பது பேர் சிரமதானத்துக்கு வருவார்கள், இப்போது கூலிக்கு ஆள் பிடித்துவிட்டு வாட்ஸப்பில் படம் அனுப்பினால் போதும். காசு அனுப்புகிறவருக்குப் படம் வேண்டும், மாஸ்டரிடம் பற்றுச்சீட்டுத்தான் இருந்தது. ஒவ்வொரு செலவுக்கும் சிட்டையைப் பலகையில் ஒட்டுவார், அதைப் படமெடுத்து அனுப்புங்கோ என்பார். சிட்டைக்கு யாரும் லைக் போடமாட்டார்கள்.

அந்தியேட்டி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் வைத்தோம். ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள், அண்மையில் அவ்வளவு பேர் வந்ததில்லை, எல்லாம் துக்கத்துக்கு வந்த கூட்டம். இரண்டு நிமிட மௌனம், பேச்சுகள், மண்டபத்துக்கு அவர் பெயர் வைக்க வேண்டும் என்று ஒரு பிரேரணை, ஏகமனதாக நிறைவேறியது. தலைவர் பதவிக்கு மூன்று பெயர் வந்தது. செயலாளர் என்றதும் சபை நிலத்தைப் பார்த்தது. வாங்கு முனகுகிற சத்தம் கேட்டது. கடைசியில் பின்வரிசையிலிருந்து முன்பள்ளியில் படிப்பிக்கும் பிள்ளை எழும்பினாள், மாஸ்டரிடம் கணக்குப் படித்தவள், நான் செய்கிறேன் ஆனால் கடிதங்களைக் கணினியில்தான் அடிப்பேன் என்றாள். எல்லாரும் அவசரமாகக் கைதட்டினார்கள், மனம் மாறிவிடுவாளோ என்ற பயம். புதுத் தலைவர் நன்றியுரைக்கு எழும்பப் போனார்.

அவள் இன்னும் உட்காரவில்லை. "முதல்லை ஒண்டு சொல்லுங்கோ," என்றாள், "அந்த அலுமாரித் திறப்பு இப்ப ஆரிட்டை?"